ஐந்தாவது மணிக்கூடு எது?

கேள்வி: என்னிடம் நாலு மணிக்கூடுகள் இருக்கின்றன. பள்ளிக்கூடக் காலத்துக் கசியோ எஃப்-91டபிள்யூ, அப்பா சவூதியில் வாங்கிய சீக்கோ 5 (நின்று நின்று ஓடுகிறது), கலியாணத்துக்கு வந்த தோல் பட்டிக் குவாட்ஸ் (பற்றரியில் ஓடுவது), 45 மி.மீ. கறுப்புக் குரோனோகிராஃப் (நேரம் அளக்கும் பொத்தான்கள் உள்ளது). நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் கனடா மாமா “ஒண்டு வாங்கி வாறன், என்ன வேணும்?” என்கிறார். இணையத்தில் விலைக்கு வந்திருக்கும் பழைய சுவிஸ் ஒன்றிலும் எனக்கு ஆசை. என் மணிக்கட்டு 16 செ.மீ. கீரிமலைக் கேணியில் குளிக்கப் போனால் எல்லாவற்றையும் கழற்றித்தான் வைக்கிறேன். எதைச் சேர்ப்பது?
– வாசகர், கொக்குவில்

பதில்: உங்கள் கீரிமலை வரியிலேயே விடை கிடக்கிறது. நாலு இருந்தும் கேணிக்குள் இறங்க ஒன்றும் இல்லை. கசியோவில் ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்று எழுதியிருக்கும். அது மழைத் துளிக்கும் கை கழுவுவதற்கும்தான். 30 மீற்றர் என்று போட்டவையும் அப்படியே. நீந்துவதற்குக் குறைந்தது 50, நிம்மதிக்கு 100 மீற்றர் வேண்டும்.

ஆனால் மாமாவுக்குப் பதில் சொல்ல முதல் அப்பாவின் சீக்கோவைக் கையில் எடுங்கள். பின்மூடியில் பெரும்பாலும் 7009 அல்லது 7S26 என்று தொடங்கும் எண்ணும் (உள்ளிருக்கும் இயந்திரத்தின் எண்), பக்கத்தில் ஆறு இலக்கத் தொடர் எண்ணும் இருக்கும். தொடர் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம் (ஒக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஓ, என், டி). 4 என்றால் 1984 ஆகவும் இருக்கலாம், 1994 ஆகவும் இருக்கலாம். அப்பா சவூதியில் இருந்த காலத்தோடு பொருத்திப் பாருங்கள். கிழமை அரபியிலும் வருகிறதென்றால் அது வளைகுடாச் சந்தைக்கு வந்தது. அந்தக் கிழமைச் சில்லை மாற்ற யாரையும் விடாதீர்கள். அந்த மணிக்கூட்டின் வரலாறே அதில்தான் இருக்கிறது.

இந்த இரண்டு இயந்திரமும் கை அசைவில் முறுக்கேறும் ஓட்டோமட்டிக். பக்கத்திலுள்ள திருகைச் சுற்றி முறுக்கேற்ற முடியாது. அரை நிமிடம் பக்கவாட்டில் ஆட்டி ஓடவிட்டு, ஒரு பகல் முழுக்கக் கட்டுங்கள். இரவு கழற்றி வைத்து எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்று குறியுங்கள். 40 மணித்தியாலம் அளவில் ஓடினால் நலம். 30ஐத் தாண்டாவிட்டால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், அல்லது வில்லுச் சுருள் களைத்திருக்கும். முழுதாகக் கழற்றிக் கழுவி, இடத்துக்கு இடம் உரிய எண்ணெய் இடுபவரிடம் கொடுங்கள். மூடியைத் திறந்து ஊதிவிட்டுத் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவது வேலையல்ல. அது பரவித் தூசியைப் பிடித்து, ஒரு வருசத்தில் பழைய நிலைக்கே கொண்டுவரும். பழைய ஓட்டோமட்டிக் ஒன்று ஒரு நாளைக்கு அரை நிமிடம் முந்தினாலோ பிந்தினாலோ குறை சொல்லாதீர்கள். இரவு 9 மணிக்கும் விடிய 4 மணிக்கும் இடையில் திகதியைத் திருப்பவும் கூடாது. அந்த நேரத்தில் திகதிச் சில்லு பற்களில் மாட்டியிருக்கும். வலிந்து திருப்பினால் பல் உடையும். தண்ணி மட்டும் காட்டாதீர்கள். மூடியின் றப்பர் வளையம் இவ்வளவு காலத்தில் கல்லாகியிருக்கும்.

இனி ஐந்தாவது. சூரிய ஒளியில் ஓடும் குவாட்ஸ், 100 மீற்றர், உருக்கு அல்லது டைட்டானியம். சிற்றிசன் எக்கோ-டிரைவிலும் சீக்கோ சோலாரிலும் தேடச் சொல்லுங்கள். நிறைய ஒளி ஏறினால் பல மாதிரிகள் இருட்டிலும் ஆறு மாதம் ஓடும். நொடிக்கம்பி இரண்டிரண்டு செக்கனாகத் தாவினால் பழுதில்லை, ஒளி கேட்கிறது. யன்னலோரம் வையுங்கள், வெய்யிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வேண்டாம், சூடு உள்ளே ஒளியால் ஏறும் மின்கலத்தைக் கெடுக்கும். அந்தக் கலத்துக்குப் பதிலாகச் சாதாரணப் பற்றரி போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவே கூடாது.

அளவில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பெட்டியின் (மணிக்கூட்டின் உடல்) குறுக்களவைப் பார்த்து வாங்குவார்கள். கையில் உட்காருவதைத் தீர்மானிப்பது பட்டி கொழுவும் மேல்காதிலிருந்து கீழ்க்காது வரையான நீளம். மட்டைத் துண்டொன்றை 46 மி.மீ. நீளத்துக்கு வெட்டி மணிக்கட்டின் மேல் வைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் வெளியே நீட்டக்கூடாது. உங்கள் கைக்கு 36 முதல் 39 மி.மீ. பெட்டி போதும். கறுப்பு 45 ஏன் லாச்சியிலேயே கிடக்கிறது என்றும் அந்த மட்டை சொல்லும். அதை விற்றுவிடலாம், வைத்திருப்பதென்றால் பற்றரியை எடுத்துவிடுங்கள். செத்த பற்றரி கசிந்தால் உள்ளே பச்சை பூக்கும்.

காதுகளுக்கு இடையிலான பட்டி அகலம் 18 அல்லது 20 மி.மீ. என்றால் மாற்றுப் பட்டி எங்கும் கிடைக்கும். தோல் பட்டியை இந்த வெக்கைக்குத் தினம் கட்டினால் வேர்வையில் நாறி வெடிக்கும். அது கலியாண வீட்டுக்கு மட்டும். தண்ணிக்கு றப்பர் அல்லது நைலோன். கடலில் குளித்தால் நல்ல தண்ணியில் அலசுங்கள், திருகு உள்ளே அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. உப்பு முதலில் தின்பது பட்டியைக் கொழுவும் வில்லுக்கம்பியை. அது அறுந்தால் மணிக்கூடு கேணியோடு போய்விடும். நம் கிணற்றுத் தண்ணியின் சுண்ணாம்பு உருக்குச் செயின் கண்ணிகளுக்குள் வெள்ளையாகப் படியும். மெல்லிய பல் பிரஷும் சவர்க்காரத் தண்ணியும் போதும்.

அந்தப் பழைய சுவிஸ்? முகம் புதுசாக மினுங்கி, கம்பிகள் மட்டும் கறுத்திருந்தால் முகத்துக்கு மறுபூச்சு அடித்திருக்கிறார்கள். 6 மணிக்குக் கீழே ‘சுவிஸ் மேட்’ எழுத்து வளைந்தோ தடித்தோ இருந்தாலும் அதே கதைதான். மூடி திறந்த படம் தர மறுத்தால் விட்டுவிடுங்கள். சீக்கோ திருந்தி வரும் வரைக்கும் இரண்டாவது பழசு வேண்டாம்.

மாமாவிடம் ஒன்று: செயினைக் கடையில் சுருக்க வேண்டாம், முழுக் கண்ணிகளோடும் உத்தரவாத அட்டையோடும் கொண்டுவரச் சொல்லுங்கள். சுருக்குவதை இங்கே உங்கள் கையில் வைத்துச் செய்யலாம். கழற்றிய கண்ணிகளை மணிக்கூடு வந்த பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.