முயல் ஆள வந்த கதை: படங்களைப் படிப்பது எப்படி? (கேள்வி பதில்)

காலனியாக்கத்தை முயல்களின் படையெடுப்பாகச் சொல்லும் ஆஸ்திரேலியப் படநூல் ‘தி ராபிட்ஸ்’ (1998; எழுத்து ஜான் மார்ஸ்டன், படம் ஷான் டான்). சேலத்து ஆசிரியர்களும் மாணவர்களும் அதைப் பற்றிக் கேட்டவை.

40 நிமிட வகுப்பில் எங்கே தொடங்குவது? – ஆசிரியை, அஸ்தம்பட்டி

எழுத்தை மறைத்துவிட்டுத் தொடங்குங்க டீச்சர். எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்த ஒரே ஒரு படம் போதும். வரிகள் மேல் தாள் துண்டை வைத்து, 2 நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்க. பிறகு டிரேசிங் பேப்பரை வைத்து, கண் முதலில் விழுந்த இடத்தில் ஒரு புள்ளி, அங்கிருந்து கண் போன வழிக்கு அம்புக்குறி. ஆளுக்கு ஆள் வழி மாறினால் நல்லது, ஏன் என்று கேட்கலாம். அடுத்து ஸ்கேலால் உருவங்களின் உயரத்தை அளக்கட்டும். ‘பெரிசு’ என்பதைவிட ‘எட்டு மடங்கு’ என்பது ஆதாரம். தாள் துண்டைக் கடைசியில்தான் எடுக்கணும்.

கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் வேண்டாம். நிறம் போய்விடும், நடு மடிப்பில் இருப்பதும் கறுத்துப்போகும்.

கோணம், நிறம், அளவு எல்லாம் எழுதியும் பாதி மார்க்தான். ஏன்? – 11-ஆம் வகுப்பு மாணவர், மரவனேரி

பட்டியல் போட்டிருப்பாய் தம்பி. ‘கப்பல் பெரிது, எனவே ஆதிக்கம்’ என்பது எந்தப் படத்துக்கும் பொருந்தும். எது, எங்கே, பார்ப்பவரை என்ன செய்கிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல். உதாரணமாக: ‘கத்தி முனை போன்ற கப்பல் முகப்பும் முயல்களின் கூரான காலர்களும் ஒரே வடிவம், அதனால் உடை, கப்பல் எல்லாமே ஆயுதமாகத் தெரிகிறது.’

முயல்கள் கப்பலில் வந்திறங்கும் காட்சிக்குப் பின்னால் இ. ஃபிலிப்ஸ் ஃபாக்ஸ் 1902-ல் வரைந்த ஓவியம் இருக்கிறது. 1770-ல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் இறங்குவது அது. அதில் குக் நடுநாயகம். மண்ணின் மக்கள் தூரத்தில் பொடி உருவங்கள். வென்றவன் பெருமையாக வரைந்ததை டான் அச்சமாகத் திருப்புகிறார். இதைத் தொட்டால் விடை தனித்துத் தெரியும்.

வெள்ளை என்றால் துக்கம் என்று எழுதலாமா? – அதே மாணவர்

கூடாது. அது நம் வழக்கம், ஓவியருடையது அல்ல. நிறம் பக்கத்துக்குப் பக்கம் எப்படி மாறுகிறது என்று மட்டும் பார்.

முயல் சாதுவாயிற்றே, பிள்ளைகள் பயப்படவே இல்லை! – ஆசிரியர், ஓமலூர்

நியாயம்தான் ஐயா. நமக்கு முயல் வேட்டைப்பொருள். முயலைக் கொன்ற அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலே மேல் என்கிறார் வள்ளுவர். ஆஸ்திரேலியாவில் கதை வேறு: 1859-ல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் வேட்டைக்காக விட்ட சில முயல்கள் பெருகி, மேய்ச்சல் நிலத்தையே மொட்டையடித்தன. இதை முதலில் சொல்லிவிடுங்க.

சேர்வராயன் மலைக்குக் காபி வந்ததை இப்படி வரையச் சொல்லலாமா? – ஆசிரியை, ஏற்காடு

தாராளமாக. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் ஒழுங்கில்லாத சோலைக்காடு, கடைசியில் நேர்வரிசைச் செடிகள். இந்த வடிவ மாற்றமே கதையைச் சொல்லும். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கையும் சேர்க்கச் சொல்லுங்க. அது ஆஸ்திரேலிய மரம், அங்கிருந்து இங்கே குடியேறியது!

ஆனால் இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரை மிருகமாக வரைய விடாதீங்க. மண்ணின் மக்களை விலங்காக, கையறு நிலையில் நிற்பவர்களாகக் காட்டுவது மூல நூலின் மீதே வைக்கத்தக்க குறைதான். உங்கள் வகுப்பில் அந்தப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.