கூலி உயரும் என்று நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் அருகே அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புத் தோல் உரிக்கிறேன். நாளொன்றுக்குச் சராசரியாக ரூ.400 கிடைக்கிறது, மாதம் 24 நாள் வேலை. கூலியில் ரூ.50 கூட்டப் போவதாகப் பேச்சு. அதை நம்பித் தம்பிக்காக என் பெயரில் ரூ.50,000 குழுக் கடன் எடுக்கலாமா? சென்ற முறை இப்படிப் பேச்சு வந்தபோது அவனுக்கு எடுத்துக் கொடுத்த கடன் இன்னும் முடியவில்லை. கூலியைக் கூட்டினால் ஆலையை மூடிவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: எடுக்க வேண்டாம், சகோதரி. கைக்கு வராத கூலி உயர்வைத் தம்பிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடும் பழக்கம்தான் உங்களைக் கடனில் வைத்திருக்கிறது. 24 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.2,650 வரும். பேசப்படும் உயர்வு முழுதாக வந்தாலும் மாதத்துக்குக் கூடுவது ரூ.1,200தான்.

அதுவும் 24 நாள் வேலை நீடித்தால்தான். கூலி உயர்ந்தால், அந்தக் கூலிக்கு ஈடான வருமானம் தராத வேலை நேரத்தை முதலாளி குறைப்பார் என்பது பழைய பொருளாதாரக் கோட்பாடு. ஆனால் 1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தபோது, துரித உணவகங்களில் வேலை குறையவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும், பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஆகவே, கூலி கூடினால் ஆலை மூடியே தீரும் என்பது சரியல்ல. ஆனால் உணவகத்தை வாடிக்கையாளர் இருக்கும் ஊரிலிருந்து பெயர்க்க முடியாது, முந்திரி அப்படியல்ல. கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது, வியட்நாமில் இயந்திரங்கள் ஓடு உடைக்கின்றன, பருப்பின் விலையோ உலகச் சந்தையில் முடிவாகிறது. கேரளத்தில் கூலி உயர்ந்தபோது கொல்லத்து முதலாளிகள் பலர் எல்லை தாண்டி நம் மாவட்டத்தில் ஆலை திறந்தது உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். எனவே உங்கள் தொழிலில் ஆலையை மூடாமலே வேலை நாளைக் குறைக்க இடமுண்டு. ரூ.450 கூலியில் 20 நாள் வேலை என்றால் ரூ.9,000, இன்று வாங்குவதைவிட ரூ.600 குறைவு. 22 நாளாவது கிடைத்தால்தான் உயர்வு உயர்வாக இருக்கும்.

உயர்வு வந்தபின் மூன்று மாதம் வேலை நாட்களை எழுதி வையுங்கள். அதுவரை கூடுதல் பணம் அஞ்சலக சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும். பங்குச் சந்தையோடு இணைந்த காப்பீடு என்று யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். நாட்கள் குறையவில்லை என்றால், சேர்ந்த தொகையைப் பழைய கடனின் அசலில் கட்டுங்கள். தம்பிக்குப் பணம் வேண்டுமென்றால் அவர் பெயரில், அவர் கையெழுத்தில் வாங்கட்டும். ஜாமீனுக்கும் நீங்கள் போக வேண்டாம்.