டிரேக் நீரிணையும் புராஸ்டேட் வீக்கமும்

கேள்வி: வயது 66. அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து அண்டார்டிகாவுக்குக் கப்பலில் போகப் பதிவு செய்திருக்கிறேன். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன், ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்த மாத்திரையும், புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசினும் சாப்பிடுகிறேன். வழியில் கடக்க வேண்டிய டிரேக் நீரிணையில் அலை ஆளைப் புரட்டிவிடும் என்கிறார்கள். காதுக்குப் பின்னால் மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டால் போதும் என்கிறார் நண்பர். ஒட்டலாமா?

பதில்: ஒட்டாதீர்கள். அந்தப் பட்டையில் இருப்பது ஸ்கோபோலமைன். 3 நாள் தோல் வழியே இறங்கி வாந்தியை நன்றாகவே தடுக்கும். கூடவே சிறுநீர்ப்பை சுருங்குவதையும் தடுக்கும். உங்கள் புராஸ்டேட் ஏற்கெனவே பாதையை நெருக்கிக்கொண்டிருப்பதால், சிறுநீர் முழுமையாக அடைத்துக்கொள்ளக்கூடும். நடுக்கடலில் கப்பல் மருத்துவர் குழாய் போட வேண்டிய நிலை எதற்கு? குறுகிய கோண வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது.

கடல் அப்படித்தான் இருக்கும். தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனைக்கும் அண்டார்டிகாவை ஒட்டிய தெற்கு ஷெட்லண்ட் தீவுகளுக்கும் இடையே சுமார் 800 கி.மீ. அந்த அட்சரேகையில் உலகைச் சுற்றி எங்கும் நிலம் குறுக்கிடாததால், மேற்குக் காற்றும் அலையும் தடையின்றி வளர்கின்றன. பாய்மரக் கப்பல்கள் பல அங்கே மூழ்கியிருக்கின்றன. இன்றைய கப்பலுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் பக்க ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் இருந்தாலும், முன்னும் பின்னும் ஏறி இறங்குவது நிற்காது. கடக்கச் சுமார் 2 நாள். திரும்பும்போதும் அதே 2 நாள்.

உங்களுக்குப் பயண வாந்தியைத் தடுக்கும் சின்னரிசின் 25 மி.கி. மாத்திரை பொருத்தமாகத் தெரிகிறது. இதற்கும் சிறுநீரைத் தடுக்கும் குணம் கொஞ்சம் உண்டு, பட்டையை விடக் குறைவு. நடுக்கவாதம் (பார்க்கின்சன் நோய்) இருந்தால் கூடாது. புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே, உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, வீட்டில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள்: எவ்வளவு தூக்கம் வருகிறது, சிறுநீர் தாராளமாகப் போகிறதா என்று தெரிந்துவிடும். கப்பல் பெரும்பாலும் மாலையில் கிளம்பி, அமைதியான பீகிள் கால்வாயில் சில மணி நேரம் போகும். அந்த அமைதியை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடுபவர்கள்தான் நள்ளிரவில் அவதிப்படுகிறார்கள். திறந்த கடலைத் தொட 2 மணி நேரம் முன்பே ஒன்று. பிறகு தேவைக்கேற்ப 8 மணி நேரத்துக்கு ஒன்று. குமட்டல் தொடங்கிவிட்டால் இரைப்பை தேங்கிப்போகும், விழுங்கிய மாத்திரை சரியாக உள்ளே சேராது. வாந்திக்கு வழக்கமாகத் தரும் ஒண்டான்செட்ரான் இந்த வகை வாந்திக்கு அவ்வளவு உதவாது, அதை நம்பிப் போக வேண்டாம்.

அறை கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கிடைத்தால் ஆட்டம் குறைவு. வெறும் வயிறு வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக உலர்ந்த உணவு. புத்தகமும் கைப்பேசியும் மூடியிருக்கட்டும்.

வாந்தி நிற்காமல், குடித்தது எதுவும் தங்காவிட்டால், கப்பல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு அன்றைய அழுத்த மாத்திரையை நிறுத்தி வையுங்கள். அதில் நீர் போக்கும் மருந்து இருக்கிறது. உடல் வறண்டிருக்கும்போது அதுவும் டெல்மிசார்ட்டனும் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும், அழுத்தம் சரியும். உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒரு மடக்கு, இரண்டு மடக்காகக் குடியுங்கள். 24 முதல் 48 மணி நேரம் இயல்பாகச் சாப்பிட்டுக் குடித்த பிறகு மாத்திரையைத் தொடரலாம்.

வாந்தியைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் இரவு நேரக் கழிவறைப் பயணம். டாம்சுலோசின் போட்டவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், சின்னரிசின் தரும் தூக்கக் கலக்கம் அதில் சேரும், தரையும் சாய்கிறது. இடுப்பெலும்பு முறிய இது போதும். மாலைக்குப் பின் தண்ணீரைக் குறைக்கலாம் (வாந்தி இல்லாதபோது மட்டும்). படுக்கையருகே சிறுநீர்ப் புட்டி வைத்துக்கொள்ளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. போயே ஆக வேண்டுமென்றால் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போய், உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள். கதவு நிலையில் மட்டும் கை வைக்காதீர்கள். ஆட்டத்தில் கதவு அடித்துச் சாத்தினால் விரல் நசுங்கும்.

6 மணி நேரமாகச் சிறுநீர் வராமல் அடிவயிறு கல்லாக இறுகி வலித்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரை எழுப்புங்கள். நீரிணையின் நடுவிலிருந்து கரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது எளிதல்ல, காப்பீட்டில் அவசர மருத்துவ வெளியேற்றம் சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். அலையே வேண்டாம் என்றால், சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து, தெற்கு ஷெட்லண்ட் தீவுகளில் ஒன்றான கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானத்தில் போய் அங்கே கப்பல் ஏறும் திட்டங்களும் உண்டு. சுமார் 2 மணி நேரப் பயணம், செலவு கூடுதல்.