பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்ததும் அமெரிக்க பிஎச்.டி.க்கு நேராக விண்ணப்பிக்கலாமா, ப்ரீடாக் (பிஎச்.டி.க்கு முந்தைய ஆய்வு உதவியாளர் பணி) போய்விட்டு வர வேண்டுமா?

நேராக விண்ணப்பிக்கலாம், தடையில்லை. கணிதத்தைக் கூர்ந்து பார்ப்பார்கள்: ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு. ஆனால் என் பார்வையில் அதைவிடக் கனமானவை பரிந்துரைக் கடிதங்கள். வழக்கமாக மூன்று கேட்பார்கள். ‘வகுப்பில் முதல் மாணவர்’ என்ற வரி போதாது. நீங்கள் தரவோடு மல்லுக்கட்டுவதை அருகிலிருந்து பார்த்த ஆய்வாளர் எழுத வேண்டும். ப்ரீடாக்கின் பெரிய பயனே அதுதான்: ஓரிரு வருடம் சம்பளத்தோடு ஒரு பேராசிரியரின் ஆய்வில் ஸ்டேட்டா, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருள்களோடு முழுநேர வேலை. வறுமை ஒழிப்பு குறித்து ஆராயும் ஜே-பால் தெற்காசியா அமைப்பிலும் இதையொத்த ஆய்வுப் பணிகள் உண்டு.

அப்படி எழுதித்தர ஆள் ஏற்கெனவே இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான கெடு டிசம்பரில் வரும். அப்புறம், விண்ணப்பக் கட்டண விலக்கு கேட்கக் கூச்சமே வேண்டாம். பல துறைகள் தருகின்றன.