குரோம் குழம்பினால் கணினியை போமட் செய்ய வேண்டுமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் சிறிய போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பரீட்சை விண்ணப்பம் நிரப்புவது, பெறுபேறு எடுத்துக் கொடுப்பது எல்லாம் கடைக் கணினியின் குரோமில்தான். இப்போது குரோமைத் திறந்தால் தெரியாத ஒரு தேடல் பக்கம் வருகிறது. வலப்பக்க மூலையில் ‘வைரஸ் புகுந்துவிட்டது’ என்று அடிக்கடி அறிவிப்பும் வருகிறது. போமட் செய்யத்தான் வேண்டும் என்கிறார்கள். சேமித்து வைத்த பாஸ்வேர்ட் எல்லாம் போய்விடுமா?

பதில்: போமட் வேண்டாம் சகோதரி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மாறியிருப்பது குரோமின் அமைப்புகள்தான். போமட் செய்தால் விண்டோஸ் அப்டேட் முதல் பிரின்டர் டிரைவர் வரை திரும்ப இறக்க வேண்டும். டொங்கிள் டேட்டாவில் கடை நடத்துபவருக்கு அது வீண் செலவு. குரோமை ரீசெட் செய்ய, அதாவது அதன் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர, டேட்டா தேவையில்லை.

முதலில் அந்த மூலை அறிவிப்புகளைப் பார்ப்போம். அவை பெரும்பாலும் வைரஸ் எச்சரிக்கையே அல்ல. ‘நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலோவை அழுத்துங்கள்’ என்று ஏதோ ஒரு தளம் கேட்டிருக்கும், கடைக்கு வந்த யாரோ அழுத்தியிருப்பார்கள். குரோம் செட்டிங்ஸில் ‘பிரைவசி அன்ட் செக்யூரிட்டி’, பிறகு ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘நோட்டிபிகேஷன்ஸ்’ போங்கள். அனுமதி பெற்ற தளங்களில் தெரியாத பெயர்களை நீக்குங்கள். அறிவிப்பில் வரும் இணைப்பைத் திறக்கவோ, அதிலுள்ள எண்ணுக்கு அழைக்கவோ வேண்டாம்.

அடுத்தது, பலர் தவறவிடும் இடம். பிரவுசருக்கு வெளியே, விண்டோஸில் ஏதாவது இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த புரோகிராம் இருந்தால், நீங்கள் எத்தனை தடவை ரீசெட் செய்தாலும் அது பழைய வேலையைத் திரும்பக் காட்டும். விண்டோஸ் செட்டிங்ஸில் நிறுவிய மென்பொருள்களைத் திகதி வாரியாக வரிசைப்படுத்தி, தொல்லை தொடங்கிய நாட்களில் வந்த அறியாதவற்றை அகற்றுங்கள்.

சரி, இனி ரீசெட். குரோம் செட்டிங்ஸின் இடப்பக்கப் பட்டியலில் ‘ரீசெட் செட்டிங்ஸ்’ இருக்கும். அதில் ‘ரிஸ்டோர் செட்டிங்ஸ் டு தெயர் ஒரிஜினல் டிபோல்ட்ஸ்’ என்பதை அழுத்தி உறுதிசெய்யுங்கள். புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்ட் மூன்றும் அப்படியே இருக்கும். தேடுபொறியும் தொடக்கப் பக்கமும் பழைய நிலைக்கு வரும். நீங்கள் லொகின் செய்திருப்பதைத் தளங்கள் நினைவில் வைக்க உதவும் குக்கிகள் போய்விடும் என்பதால் தளங்களில் மறுபடி லொகின் செய்ய வேண்டிவரும், ஓடிபி வரும் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்திருங்கள். யாருடைய விண்ணப்பமும் பாதியில் நிற்கும் நேரத்தில் செய்ய வேண்டாம். வாடிக்கையாளர்கள் மூடாமல் விட்டுப்போன கணக்குகளும் இதோடு மூடப்படும். பொதுவில் பாவிக்கும் கணினிக்கு அது நல்லது. அதே கூகுள் கணக்கில் உங்கள் வீட்டு லப்டொப்பும் இருந்தால், அங்கும் சில அமைப்புகள் மாறும்.

குரோமில் கூடுதலாகச் சேர்த்த சிறு கருவிகளான எக்ஸ்டென்ஷன்கள் அழியாது, ஆனால் எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கும். தமிழ்த் தட்டச்சுக்கு எக்ஸ்டென்ஷன் வைத்திருந்தால் அதை மட்டும் திரும்பப் போடுங்கள். மற்றவற்றை அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எதைப் போட்டதும் தொல்லை திரும்புகிறதோ அதுதான் கள்ளன். பாமினி எழுத்துரு விண்டோஸில் இருப்பது, ரீசெட் அதைத் தொடாது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தத் தேடல் பக்கம் வந்தால், குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியைப் பாருங்கள். சொந்தக் கடைக் கணினியில் ‘மேனேஜ்ட் பை யுவர் ஒர்கனைசேஷன்’ என்று இருந்தால், ஏதோ ஒரு புரோகிராம் அமைப்புகளைப் பூட்டி வைத்திருக்க இடமுண்டு. அதற்கு ரீசெட் போதாது. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘ஒப்லைன் ஸ்கேன்’ என்ற வைரஸ் சோதனையை ஓடவிடுங்கள். கணினி தானாக மறுதொடக்கம் ஆகி, 15 நிமிடமளவு எடுக்கும், இடையில் மின்சாரம் போகாத நேரமாகப் பாருங்கள். குரோமுக்குள்ளேயே இருந்த துப்புரவுக் கருவியைப் பழைய வீடியோக்கள் காட்டும். கூகுள் அதை 2023இல் எடுத்துவிட்டது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பயர்பொக்ஸும் பாவித்தால், உதவி மெனுவில் ‘மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்போமேஷன்’ திறந்து ‘ரிப்ரெஷ் பயர்பொக்ஸ்’ கொடுங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் முற்றாக நீக்கப்படும். டெஸ்க்டொப்பில் பழைய தரவுகளோடு ஒரு கோப்புறை வரும், அதில் பாஸ்வேர்ட்களும் இருக்கும். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று கண்டதும் அதை அழித்துவிடுங்கள்.