பதில்: விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு, விருப்பப் பாடம் எதை எடுப்பது?

தம்பி, 'வணிக அறிமுகம்' எடுப்பதா, இன்னொரு எடிட்டிங் பாடம் எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் வணிகத்தை எடுங்கள். எடிட்டிங் கை பழகப் பழக வந்துவிடும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே வீட்டில் பழகப் போதும்.

படிப்பு முடிந்து வெளியே வந்ததும் முதலில் காதில் விழுவது "கொட்டேஷன் அனுப்புங்க" என்பதுதான். புதியவர்கள் கேமரா, லென்ஸ், லைட் வாடகையை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். லைட்டோடு வரும் ஆட்களின் பேட்டா, வண்டி, டீசல், சாப்பாடு, ஹார்ட் டிஸ்க், மூன்றாவது முறை திருத்தம் கேட்டால் எடிட்டருக்கு ஆகும் கூடுதல் நாள், இவையெல்லாம் விட்டுப்போகும். லாபம் அங்கேதான் கரைகிறது.

அதைவிட முக்கியம் உரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 17, 19 பிரிவுகளைக் கட்டாயம் படியுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா முழுவதும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் கையெழுத்துப் போடும் பிள்ளைகளை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஸ்டுடியோவில் மல்டி கேமரா வகுப்பை மட்டும் தவறவிடாதீர்கள், அதை வீட்டில் பழக முடியாது.

சேருமுன் வணிகப் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நிர்வாகவியல் அறிஞர் ஃபயோலின் 14 கோட்பாடுகளோடு நின்றுவிட்டால், அசைன்மென்ட்டாக ஒரு குறும்படத்தின் முழு பட்ஜெட்டைப் போட்டுத் தரலாமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.