கேள்வி – பதில்: ஆய்வு நகரங்களின் கணக்கு

கே: பல்கலைக்கழகம் பக்கத்தில் இருந்தால் ஆய்வு நகரம் தானாக வளர்ந்துவிடுமா? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஆய்வு முக்கோணத்தை எல்லோரும் காட்டுகிறார்களே?
– வாசகர், ஈரோடு

ப: வளராது. அந்த ஊரே அதற்குச் சாட்சி. டியூக் உட்பட மூன்று பல்கலைக்கழகங்கள் முக்கோணமாக நின்றும், பட்டம் வாங்கியவர்கள் வேலைக்கு வெளிமாநிலம் போனார்கள். உள்ளூரில் இருந்தவை புகையிலை, நெசவு, மரச்சாமான் என்று கூலி குறைந்த தொழில்கள். 1957 வாக்கில் ஒரு முதலீட்டாளர் நடுவிலிருந்த பைன் காட்டை வாங்கி ஆய்வுப் பூங்காவாக்க, அதாவது கம்பெனிகளின் ஆய்வகங்களுக்கான வளாகமாக்கப் பார்த்தார். பங்கும் போகவில்லை, மனையும் போகவில்லை. தனியார் லாபத்துக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கடன் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

பங்கு விற்றுத்தரக் கேட்டபோது வங்கியாளர் ஆர்ச்சி டேவிஸ் திட்டத்தையே மாற்றினார். நன்கொடையாக 14.25 லட்சம் டாலர் திரட்டி, நிலத்தை லாப நோக்கமற்ற அறக்கட்டளையிடம் சேர்த்தார். 1959-இல் பூங்கா பிறந்தது. கணினிக் கம்பெனியான ஐ.பி.எம். வர 1965 ஆயிற்று! கடன் வாங்கிய பணமாக இருந்திருந்தால், அந்த ஆறு வருஷ வட்டியே நிலத்தைத் தின்றிருக்கும்.

சறுக்கியது வேறு இடத்தில். பூங்காவுக்குள் வீடே கூடாது என்று வைத்துவிட்டார்கள். காலையில் கார் வரிசை, மாலையில் வெறிச்சோடிய சாலை. பிற்பாடுதான் குடியிருப்பும் கடைகளும் கட்ட இறங்கினார்கள்.

கே: ஜப்பானின் ஆய்வு நகரமான சுகுபாவைவிடத் தைவானின் சின்ச்சு தொழிலில் முந்தியது எப்படி?
– வாசகி, நாகர்கோவில்

ப: ஆட்கள் வெளியே வந்ததால். சின்ச்சுவின் அரசு ஆய்வகம் 1976-இல் அமெரிக்க மின்னணுக் கம்பெனியான ஆர்.சி.ஏ.விடம் சிப் தொழில்நுட்பம் வாங்கியது. பொறியாளர்களை அங்கே அனுப்பிப் பழக்கியது. பிறகு அவர்களைக் கட்டிவைக்கவில்லை. 1980-இல் யு.எம்.சி., 1987-இல் டி.எஸ்.எம்.சி. என்று ஆளும் அனுபவமும் சேர்ந்தே சிப் தயாரிக்கும் கம்பெனிகளாகப் பிரிந்தன. சின்ச்சு அறிவியல் பூங்காவின் நிலம் குத்தகைக்கு மட்டும். மனை வாங்கிப் பூட்டிவைக்க வழியில்லை. சுகுபாவுக்கு டோக்கியோவிலிருந்து அரசு ஆய்வகங்களைப் பெயர்த்துவந்தார்கள். நிரந்தர அரசு உத்தியோகத்தை விட்டுவிட்டு யார் கடை போடுவார்?

கே: சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் வாடகை கட்டினால் இடம் கிடைக்குமா?
– வாசகர், தாம்பரம்

ப: வாடகை மட்டும் போதாது. பேராசிரியர்களோடு கூட்டு ஆய்வு, மாணவர்களுக்கு வேலைவாய்ப்பு என்று புள்ளிகள் சேர்க்க வேண்டும். கெடுபிடிதான். ஆனால் அது இல்லாவிட்டால், ஆய்வு என்று பெயர்ப்பலகை மாட்டிய சாதாரண ஆபீஸ்களே தளங்களை நிரப்பிவிடும்.